தெப்பக்குளத்துக்குள் சிக்ஸர் அடித்தவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள்? மதுரை மைதானங்களில் ஒரு ரவுண்டு!

மாலை ஆறு மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் உட்கார இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சுவரை ஒட்டி குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகள், பானிபூரித் தட்டோடு நிற்கும் கல்லூரிப் பெண்கள், வாக்கிங் வந்த இடத்தில் வடை சாப்பிடும் பெரியவர்கள். குளம் நிறையத் தண்ணீர். நடுவில் மைய மண்டபம். போவோர் வருவோர் எல்லாம் செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து வயது தாண்டிய மதுரைக்காரர் ஒருவர் இருந்தால், தன் பிள்ளையிடம் அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "அந்தா தெரியுதுல்ல மண்டபம்... அதுக்கு இந்தப் பக்கம்தான் எங்க பிட்ச்சு."

பிள்ளை நம்பாது. தண்ணிக்குள்ள எப்படிப்பா பிட்ச்?

உண்மைதான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் குளம் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்துதான் கிடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்ட குளம். ஏறத்தாழ 1,000 அடி நீளம், 950 அடி அகலம். வைகைத் தண்ணீர் வந்து சேரும் கால்வாய் அடைபட்டுப்போன காலத்தில், தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது தண்ணீர் கொண்டுவருவார்கள். அதுவும் இல்லாத வருடங்களில் 'நிலைத் தெப்பம்'. அதாவது மிதக்க வேண்டிய தெப்பம் தரையில் நின்றபடியே சாமி தரிசனம். மற்ற நாள்களில் குளத்தின் தரை முழுக்க ஸ்டம்புகள். ஒரு ஆட்டத்தின் லாங் ஆன், பக்கத்து ஆட்டத்தின் ஸ்லிப். நான்கு புறமும் கருங்கல் சுவர் என்பதால் பந்து தொலையாது. மதுரையின் மிகப்பெரிய கிரிக்கெட் மைதானம் எது என்று அன்று கேட்டிருந்தால், பசங்கள் இந்தக் குளத்தைத்தான் காட்டியிருப்பார்கள்.

பிறகு கால்வாய் சீரானது, தண்ணீர் வந்தது. தெப்பம் மறுபடி மிதக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கே நல்ல சேதி. ஆனால், குளத்துக்குள் ஆடிய அந்தப் பசங்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து வயது. வீட்டுக் கடன், சர்க்கரை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வந்துவிட்டது. கிரிக்கெட் மட்டும் போகவில்லை.

ஆசைக்கு டாலரில் விலை

வயதான பிறகு வரும் இந்த ஆட்ட ஆசையை அமெரிக்கர்கள் ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே கிரிக்கெட் இடத்தில் பேஸ்பால். சிகாகோ கப்ஸ் அணியின் முன்னாள் கேட்சர் ராண்டி ஹண்ட்லி, 1983-ல் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில் ஒரு முகாம் நடத்தினார். தன்னோடு 1969-ல் ஆடிய பழைய நண்பர்களை அழைத்து வந்தார். வந்து சேர்ந்தவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள். சின்ன வயதில் ரேடியோவில் யாருடைய ஆட்டத்தைக் கேட்டு வளர்ந்தார்களோ, அவர்களோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உடை மாற்றி, முதுகில் தங்கள் பெயர் எழுதிய ஜெர்சியோடு ஒரு வாரம் ஆடினார்கள். இதற்குப் பெயர் 'ஃபேண்டசி கேம்ப்'. இன்று பல பெரிய அணிகள் இப்படி முகாம் நடத்துகின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது வயது தாண்டியவர்கள்தான். கட்டணம் சில ஆயிரம் டாலர்கள். அதாவது, நம் கணக்கில் லட்சங்கள். கடைசி நாளில் முன்னாள் வீரர்களை எதிர்த்து ஒரு மேட்ச். தோற்பது நிச்சயம். அதற்குத்தான் காசு.

மதுரையில் அப்படி ஒரு முகாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

ஞாயிறு காலை அஞ்சரை மணி

கல்லூரி மைதானம், பள்ளி மைதானம், நான்கு வழிச்சாலையை ஒட்டிய காலி மனைகள், தண்ணீர் இல்லாத வைகை... மதுரையில் எங்கெல்லாம் ஐம்பது அடி சமதரை இருக்கிறதோ, அங்கெல்லாம் ஞாயிறு விடியும்போது பைக்குகள் வந்து நிற்கின்றன. பூ மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு நேராக வருகிறவர், ஷட்டரைத் திறக்கும் முன் இரண்டு ஓவர் போட்டுவிட்டுப் போகும் ஜவுளிக்கடைக்காரர், பேங்க் ஆபீசர், ஆட்டோ ஓட்டுநர், வாத்தியார். முதல் நாள் இரவே வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தாகிவிட்டது. பந்துக்கு ஆளுக்குப் பத்து, இருபது ரூபாய் பங்கு. அதுதான் மொத்தக் கட்டணம்.

இவர்களில் ஒருவர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக நிற்பார். தொப்பை மற்றவர்களைப் போலத்தான். ஆனால் மட்டையைப் பிடிக்கும் விதம் வேறு. ஒரு காலத்தில் மாவட்ட லீக்கில் ஆடியவராக இருப்பார். அல்லது பல்கலைக்கழக அணி, ரயில்வே, போலீஸ் டீம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்து, குடும்பமாகி, பெரிய ஆட்டத்திலிருந்து ஒதுங்கியவர். அவரோடு ஒரே டீமில் ஆடுவதுதான் மற்ற பத்துப் பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் ருசி. அவர் ஒரு ஸ்ட்ரெய்ட் டிரைவ் அடித்தால் எதிரணியும் கைதட்டும். "ணே, இந்தப் பந்துக்குக் கால எங்க வைக்கிறது?" என்று நாற்பது வயதுக்காரர் கேட்பார். அவர் நின்று சொல்லிக் கொடுப்பார். அடுத்த பந்தில் கேட்டவர் போல்டு ஆவார். அதுவும் வழக்கம்தான்.

'மாங்கா' தகராறு இல்லாமல் ஒரு ஞாயிறும் முடியாது. பந்து வீசுகிறவர் கையை மடக்கி எறிந்தால் அதற்குப் பெயர் மாங்கா. அம்பயர் பேட்டிங் அணியின் ஆள் என்பதால் தீர்ப்பை யாரும் மதிப்பதில்லை. கடைசியில் அந்தப் பழைய லீக் வீரர் சொல்வதுதான் சட்டம்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். ஆட்டம் முடிந்ததும் பருத்திப்பால் வண்டி. சூடான பருத்திப்பாலை ஊதி ஊதிக் குடித்தபடி, விட்ட கேட்ச்சுக்கு யார் காரணம் என்று அரை மணி நேர விசாரணை நடக்கும். திங்கட்கிழமை காலை ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போதுதான் தொடை தசை பிடித்திருப்பது தெரியும். பத்து வருடம் கழித்து மட்டையைத் தொடுகிறவர்கள் முதல் நாளே வேகமாக ஓடி ரன் எடுக்கப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. மைதானத்தை இரண்டு சுற்று மெதுவாக ஓடி, கை காலை நீட்டி மடக்கிவிட்டு இறங்குகிறவர்கள் அடுத்த ஞாயிறும் வருகிறார்கள். பி.பி., சுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

நத்தம் ரோட்டில் ஒரு பயணம்

நகரத்துக்கு வெளியே போகலாம். தல்லாகுளத்தில் நத்தம் மேம்பாலத்தில் ஏறினால், 7.3 கிலோமீட்டருக்கு சிக்னலே கிடையாது. 2023-ல் திறந்த பாலம் இது. கீழே கடைகள், வீடுகள், கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் பெரிய கட்டடம். பாலத்தை விட்டு இறங்கினால் ஊர் மாறிவிடும். வயல், தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை. வலது பக்கம் அழகர்மலை கூடவே வரும். ஒரு மணி நேரத்தில் நத்தம்.

இங்கேதான் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இருக்கிறது. மலைகளைப் பின்னணியாகக் கொண்ட பச்சைப் புல்வெளி. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்து மக்கள் பெரிய கிரிக்கெட்டை நேரில் பார்த்தது இங்கேதான். மதுரைக்கென்று லீக்கில் ஓர் அணி உண்டு. ஆனால் மதுரைக்குள் அவர்களுக்கு ஆட ஒரு மைதானம் இருந்ததில்லை. மதுரை ரசிகர்கள் பஸ் ஏறி நத்தம் வந்து, திண்டுக்கல்காரர்கள் நடுவே உட்கார்ந்து விசிலடித்தார்கள்.

2018-ல் அந்த விசிலுக்குப் பலன் கிடைத்தது. அந்த வருடம் மதுரை பாந்தர்ஸ் கோப்பையை வென்றது. ஆகஸ்ட் 12 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப்போட்டியில் எதிரணி வேறு யாருமில்லை, பக்கத்து ஊர் திண்டுக்கல் டிராகன்ஸ்தான். அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75 ரன் எடுத்து ஜெயிக்க வைத்தார். அந்த மதுரை அணியில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். வருண் சக்கரவர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் எல்லோரும் இவர் கதையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. வருண் பதினேழு வயதுவரை விக்கெட் கீப்பர். தேர்வில் திரும்பத் திரும்பக் கழிக்கப்பட்டதும் ஆட்டத்தையே விட்டுவிட்டார். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படித்து, கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனார். 2014-ல் வந்த 'ஜீவா' படத்தில் கிரிக்கெட் ஆடுகிறவராகத் தலைகாட்டினார். வேலைக்கு நடுவே டென்னிஸ் பந்தில் ஆடியவருக்கு மறுபடி ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டு கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளராகச் சேர்ந்தார். முழங்காலில் அடி. வேகம் போடக் கூடாது. சரி, சுழல் போடலாம் என்று டென்னிஸ் பந்தில் கற்ற விரல் வித்தைகளை எல்லாம் எடுத்து கிரிக்கெட் பந்தில் பழகினார். சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில், 2017-18 சீசனில் ஏழு ஒருநாள் ஆட்டங்களில் 31 விக்கெட். அடுத்து மதுரை பாந்தர்ஸ். பத்து ஆட்டங்களில் அவர் எடுத்தது ஒன்பது விக்கெட்தான். ஆனால் ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்கவில்லை. அதே டிசம்பரில் ஐ.பி.எல். ஏலம். பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. 2021 டி20 உலகக் கோப்பையில் சோபிக்காமல் இந்திய அணியிலிருந்து போனார். மூன்று வருடம் கழித்து 33 வயதில் திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட். அதே ஆண்டு செப்டம்பரில் டி20 பவுலர்கள் தரவரிசையில் உலகின் நம்பர் ஒன். வேலைக்குப் போய்விட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல் திரும்பி வந்த ஆள் அவர் என்பதால்தான் ஆபீஸ் போகும் ஆட்டக்காரர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம்.

வருண் ஆக முடியும் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நாற்பது வயதில் நினைத்தால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் அவர் வித்தை பழகிய பந்தும், இவர்கள் ஞாயிறன்று போடும் பந்தும் ஒன்றுதான். அந்தப் பெருமை போதும்.

சொடக்குப் பந்து யாருடையது?

டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது. எடை குறைவு. மணிக்கட்டைத் திருப்பினால் மட்டும் அது திரும்பிவிடாது. விரல்களால் அமுக்க வேண்டும், சுண்ட வேண்டும், தள்ள வேண்டும். பவுண்டரி வேறு கிட்டத்தில் இருக்கும். அளவாகப் பிட்ச் செய்தால் பந்து பக்கத்துத் தெருவில் விழும். எனவே தெருவில் பவுலராகப் பிழைக்க இரண்டே வழிதான். ஒன்று, பேட்ஸ்மேன் கண்டுபிடிக்க முடியாத சுழல். இன்னொன்று, நேராகக் காலடியில் விழும் யார்க்கர்.

முதல் வழிக்கு உதாரணம், அஸ்வின். உலக பேட்ஸ்மேன்களை மிரட்டிய அவருடைய கேரம் பாலுக்குத் தமிழில் சொடக்குப் பந்து என்று பெயர். அதை எந்த அகாடமியும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் ஆடும் ஒருவர் விரலால் பந்தைச் சுண்டி இருபுறமும் திருப்புவதைப் பார்த்து, அவரிடமே கேட்டுக் கற்றதாக அஸ்வின் சொல்லியிருக்கிறார். அமெரிக்க முகாமில் வீரர்களிடம் கற்றுக்கொள்ள ரசிகர்கள் காசு கொடுக்கிறார்கள். இங்கே தெருக்காரர் ஒருவர் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்த பந்து டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்திருக்கிறது.

இரண்டாவது வழிக்கு, நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். பிறகு சென்னை லீக், 2016-ல் திண்டுக்கல் டிராகன்ஸ். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே தொடரில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகம். திரும்பி வந்தவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, சொந்த ஊரில் ஒரு மைதானம் கட்டியது. 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அவர் ஏன் வேறு எதையும்விட மைதானத்தை நினைத்தார் என்பதை மதுரைப் பக்கம் ஒரு சுற்று வந்தால் புரிந்துகொள்ளலாம்.

பொங்கல் கோப்பை

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மொத்தக் கண்ணும் ஜல்லிக்கட்டு மேல்தான். அதே நாள்களில் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னொரு திருவிழா நடக்கிறது. ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் பேனர். முதல் பரிசு வழங்குபவர் இன்னார், இரண்டாம் பரிசு வழங்குபவர் இன்னார் என்று ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு புரவலர், ஒரு போட்டோ. பந்து வாங்கித் தருகிறவருக்கும் போட்டோ உண்டு. அறுவடை முடிந்த வயல் அல்லது கண்மாய் உள்வாய்தான் மைதானம். சுண்ணாம்புக் கோடுதான் பவுண்டரி. ஆளுக்கு ஆறு ஓவர், எட்டு ஓவர் மேட்ச். மைக்கில் வர்ணனை. வர்ணனையாளருக்கு ஆட்டக்காரர்களின் பட்டப்பெயர்கள் மட்டும்தான் தெரியும்.

இந்த நாள்களில்தான் வெளியூரில் வேலை பார்க்கும் ஆண்கள் வீடு திரும்புகிறார்கள். திருப்பூர், சென்னை, பெங்களூரு, துபாய். வந்த மறுநாள் காலை மைதானத்தில். பழைய கேப்டன் இப்போது தாய்மாமன் ஆகியிருப்பார், பழைய ஓப்பனருக்கு முடி கொட்டியிருக்கும். "மாப்ள, இன்னும் அதே கட் ஷாட்டுதானா?" என்று கேட்டபடி டீம் பிரிப்பார்கள். சிலர் இந்த இரண்டு நாள் ஆட்டத்துக்காகவே லீவு போடுகிறார்கள் என்றால் அது மிகையில்லை.

2024-ல் வந்த 'லப்பர் பந்து' படத்தை இந்த ஊர்களில் கொண்டாடியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அட்டகத்தி தினேஷ் நடித்த 'கெத்து' பாத்திரம் போல வயதானாலும் மட்டையைக் கீழே வைக்காத ஒரு அண்ணன் எல்லா ஊரிலும் இருக்கிறார். படம் பேசிய இன்னொரு சங்கதியும் இங்கே உண்டு. எந்த டீம் எந்தத் தெருவின் டீம் என்று சில ஊர்களில் கேட்காமலே தெரிந்துவிடும். நன்றாக ஆடுகிறவனைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத டீம் இருக்கிறது. தெரு பார்க்காமல் ஆள் எடுத்து, அதனாலேயே கோப்பை அடிக்கும் டீமும் இருக்கிறது. கோப்பை எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்பதைப் பார்த்து ஊர்கள் மெல்ல மாறுகின்றன. மெல்லத்தான்.

அக்காக்களின் ஞாயிறு?

இத்தனை மைதானத்திலும் கண்ணில் படாதவர்கள் பெண்கள். மதுரை விளையாட்டில் பெண்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சக்கிமங்கலத்தில் பாட்டியின் உழைப்பில் வளர்ந்த ரேவதி வீரமணி, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிப் பழகி, டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மின்டன் தங்கங்கள் வென்ற ஜெர்லின் அனிகாவும் மதுரைப் பெண்தான். ஆனால் பள்ளியில் கோ-கோவிலும் த்ரோபாலிலும் கலக்கிய பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஆட எங்கே போவது? ஞாயிறு காலை ஆண்கள் ஆடப் போகும் நேரத்தில் வீட்டில் இட்லி வெந்தாக வேண்டும். மாலையில் ரேஸ்கோர்ஸில் நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள், கைப்பந்து ஆடும் சிறுமிகளை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்க முகாம்களில் பெண்களுக்கென்று தனி நாள்கள் வந்துவிட்டன. வைகைக் கரையில் அந்த ஞாயிறு இன்னும் பிறக்கவில்லை.

வலைக்குள் ஒரு மணி நேரம்

இப்போது மதுரையின் புறவழிச்சாலைகளில் ராத்திரி பத்து மணிக்கும் பச்சை வெளிச்சம் தெரிகிறது. டர்ஃப். செயற்கைப் புல் விரித்து, நான்கு புறமும் மேலேயும் வலை கட்டி, ஃப்ளட் லைட் போட்டு, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் மைதானம். பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் செலவுதான். ஐ.டி. ஊழியர்களுக்கும், பகலில் கடையை விட்டு நகர முடியாத வியாபாரிகளுக்கும் இது வரப்பிரசாதம். மழை பெய்தாலும் சேறு இல்லை. பந்து தேடி முள்ளுக்காட்டுக்குள் போக வேண்டாம்.

ஆனால் டர்ஃபில் மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். வெளியே அடுத்த குழு ஷூ மாட்டிக்கொண்டு நிற்கும். அங்கே யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை, தெரியாத ஆளைச் சேர்த்துக்கொள்வதில்லை. திறந்த மைதானத்தில் கரையோரம் ஒரு பையன் தினமும் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் ஆள் குறையும். "தம்பி, ஃபீல்டிங் நிக்கிறியா?" என்று கூப்பிடுவார்கள். அஸ்வினுக்குச் சொடக்குப் பந்து கிடைத்தது மாதிரியான சங்கதிகள் நடப்பது அந்த மாதிரி இடத்தில்தான். வாடகைக்கு எடுத்த வலைக்குள் அந்தப் பையனுக்குக் கதவு இல்லை.

பெரிய மைதானங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மதுரை சிந்தாமணி பகுதியில் வேலம்மாள் கல்விக் குழுமம் கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியத்தை 2025 அக்டோபரில் தோனி வந்து திறந்து வைத்தார். அன்று மதுரை விமான நிலையத்தில் கூடிய கூட்டம் தனிக்கதை. அதே ஆண்டு இறுதியில், ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் ரேஸ்கோர்ஸில் நடந்தன. ஊருக்குப் பெருமைதான். நத்தத்துக்கு பஸ் ஏறியவர்களுக்கு ஒரு வழியாக வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆட்டம் பார்க்கலாம்.

பார்க்கலாம் சரி, ஆடலாமா? பெரிய ஸ்டேடியத்தில் ஞாயிறு காலை பூ மார்க்கெட் அணிக்கு இடம் கிடைக்காது. தமுக்கம் மைதானத்தில் மாநாட்டு மையம் வந்துவிட்டது. காலி மனைகளில் ஒவ்வொன்றாக வீடு எழுகிறது. முன்பு இரண்டு தெரு தள்ளி ஆடியவர்கள் இப்போது பத்துக் கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார்கள். கல்லூரி, பள்ளி மைதானங்கள் ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கதவைத் திறந்தால் பாதிப் பிரச்னை தீரும் என்பது ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒன்று. சில நிறுவனங்கள் திறக்கின்றன. பலவற்றில் வாட்ச்மேனோடு பேசியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

மிச்சம் இருப்பது கண்மாய்கள்தான். மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ஒன்று வரும். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்று ஊர்ப் பெயரிலேயே குளம் வைத்திருக்கும் நகரம் இது. சித்திரையில் தண்ணீர் வற்றியதும், வெடித்த மண்ணைத் தட்டிச் சமன்படுத்தி, தண்ணீர் தெளித்து, பழைய மேட்டை ஓட்டி ஒரு பிட்ச் தயார் செய்கிறார்கள். ஆடி முழுக்க ஆட்டம். கரையில் ஆலமர நிழலில் பெரிசுகள் ஸ்கோர் எழுதுகிறார்கள். ஆவணியில் கடைசி டோர்னமென்ட்.

ஐப்பசியில் மழை பிடித்தால், ஒரு வாரத்தில் பிட்ச் மேல் முழங்கால் ஆழத் தண்ணீர் நிற்கும். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். மட்டைகள் பரணுக்குப் போகின்றன. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வாரம் தவறாமல் ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"கண்மாய்ல இப்ப எவ்வளவு தண்ணி கிடக்கு?"